ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, ஆனா அம்மாவோட பேஜ் போயிடுச்சு

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். வீட்டுக் கம்ப்யூட்டர்ல மால்வேர் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது, இருந்தா எப்படி எடுக்கறதுன்னு நிறைய பேர் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. போன மாசம் வரைக்கும் இதை அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருப்பேன். "ஆன்டிவைரஸ் போடுங்க, ஸ்கேன் பண்ணுங்க, நன்றி வணக்கம்." இப்ப அப்படிச் சொல்ல முடியல. ஏன்னா எங்க வீட்டு ஹால்ல இருக்கற டெஸ்க்டாப்லயே அது நடந்துடுச்சு.

எங்க அம்மா ஆரி வொர்க் ப்ளவுஸ் தைக்கறவங்க. நாலு வருஷமா ஒரு இன்ஸ்டாகிராம் பேஜ் வெச்சிருக்காங்க. ஆர்டர் எல்லாம் அதுலதான் வரும். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எனக்கு போன் பண்ணி, "ஏண்டி, என் பேஜ்ல பணம் டபுள் ஆகும்னு நீதான் போட்டியா?"ன்னு கேட்டாங்க. போய்ப் பார்த்தா, அம்மா பேர்ல ஸ்டோரி ஓடுது. கிரிப்டோவுல போட்டேன், மூணு மணி நேரத்துல டபுள் ஆச்சு, நீங்களும் வாங்கன்னு. அம்மாவுக்கு கிரிப்டோன்னா என்னன்னே தெரியாது.

நான் வீட்டுக்கு ஓடி, அந்த டெஸ்க்டாப்லயே உட்கார்ந்து இன்ஸ்டா பாஸ்வேர்டை மாத்தினேன். அப்பாடான்னு காபி குடிச்சேன். முக்கா மணி நேரத்துல அக்கவுண்ட் மறுபடியும் போயிடுச்சு. இந்த தடவை அம்மாவோட போன்லயும் லாக்-அவுட்.

என்னோட முதல் தப்பு அதுதான். என்ன தப்புங்கறதுக்கு அப்புறம் வரேன்.

ரெண்டாவது ரவுண்டுல நான் செஞ்சது எல்லாரும் செய்யறதுதான். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து குயிக் ஸ்கேன். ஒண்ணும் இல்ல. ஃபுல் ஸ்கேன். ஒண்ணும் இல்ல. பச்சை டிக் காட்டிச் சிரிக்குது. கம்ப்யூட்டர் ஸ்லோவா? இல்ல. பாப்-அப் வருதா? வரல. ஃபேன் கத்துதா? அதுவும் இல்ல. மால்வேர் வந்தா மெஷின் திணறும்னு நாம நினைக்கறது பழைய காலத்துக் கணக்கு. இப்ப சுத்திக்கிட்டிருக்கற இன்ஃபோஸ்டீலர் வகைக்கு உங்க கம்ப்யூட்டரைக் கெடுக்கறதுல எந்த லாபமும் இல்ல. பிரவுசர்ல சேவ் பண்ணின பாஸ்வேர்ட், குக்கீ, கார்டு விவரம் எல்லாத்தையும் சில நிமிஷத்துல அள்ளி அனுப்பிட்டு, பல சமயம் அதுவே கிளம்பிப் போயிடும். திருடன் போன வீட்டுல ஸ்கேன் பண்ணினா திருடன் எப்படிக் கிடைப்பான்?

தம்பியைக் கூப்பிட்டு, "என்னடா டவுன்லோட் பண்ணின?"ன்னு கேட்டேன். "சத்தியமா எதையும் டவுன்லோட் பண்ணலக்கா." முறைச்சேன். ஆனா அவன் சொன்னது உண்மை.

அவன் ஒரு படத்துக்கு சப்டைட்டில் தேடியிருக்கான். ஒரு சைட்ல "நான் ரோபோ இல்லை" பெட்டி வந்திருக்கு. டிக் பண்ணினதும் மூணு ஸ்டெப் காட்டியிருக்கு: விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேர்த்து அமுக்கு, கன்ட்ரோல் வி அமுக்கு, என்டர் தட்டு. செஞ்சிருக்கான். அப்புறம் விண்டோஸ் ஒரு "யெஸ்" கேட்டிருக்கு. அதையும் கொடுத்திருக்கான்.

இதுக்கு கிளிக்ஃபிக்ஸ்னு பேரு. நீங்க டிக் பண்ற நொடியில அந்தப் பக்கம் உங்க கிளிப்போர்டுல ஒரு கமாண்டை காப்பி பண்ணி வெச்சிடும். விண்டோஸ் கீ, ஆர் அமுக்கினா ரன் பாக்ஸ் திறக்கும். ஒட்டி என்டர் தட்டினா, உங்க கையாலயே அதை ஓட விட்டுட்டீங்க. ரன் பாக்ஸ் ரொம்ப சின்னது, கமாண்டோட வால் மட்டும்தான் தெரியும். அந்த வால்ல "ஐ ஆம் நாட் எ ரோபோ, வெரிஃபிகேஷன் ஐடி" இத்தனைன்னு எழுதியிருப்பாங்க. முன்னாடி ஒளிஞ்சிருக்கறதுதான் விஷயம்: பவர்ஷெல்லோ, எம்எஸ்ஹெச்டிஏவோ, விண்டோஸோட சொந்த ப்ரோகிராம் ஒண்ணைக் கூப்பிட்டு, வெளியிலேருந்து மால்வேரை இறக்கச் சொல்ற வரி. பிரவுசர் வழியா எந்த ஃபைலும் இறங்கல. அதனாலதான் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் சுத்தமா இருந்துச்சு.

உங்க வீட்டுலயும் சந்தேகம்னா, விண்டோஸ் கீ, ஆர் அமுக்கி அந்தப் பெட்டியோட ஓரத்துல இருக்கற அம்புக்குறியை கிளிக் பண்ணுங்க. முன்னாடி அதுல ஓடினதெல்லாம் லிஸ்ட்டா வரும். சில மால்வேர் அதையும் அழிச்சிடும், எங்களுக்கு அழிக்கல. பார்த்ததும் தம்பி முகம் வெளுத்துப் போச்சு. அவனைத் திட்டலாம், ஆனா இது அவன் ஒருத்தனோட முட்டாள்தனம் இல்ல. லூம்மான்னு ஒரு இன்ஃபோஸ்டீலர் இருக்கு, இந்த கேப்ட்சா வழியிலயும் பரவினது. 2025 மார்ச் 16-லேருந்து மே 16-க்குள்ள மட்டும் அது புகுந்த விண்டோஸ் கம்ப்யூட்டர் 3,94,000-க்கும் மேலன்னு மைக்ரோசாஃப்ட் கணக்கு சொன்னது. ரெண்டு மாசத்துல.

சரி, ஃபுல் ஸ்கேன் ஏன் ஒண்ணும் காட்டல? விண்டோஸ் செக்யூரிட்டியில வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கீழ எக்ஸ்க்ளூஷன்ஸ்னு ஒண்ணு இருக்கும். "இந்த இடத்தை ஸ்கேன் பண்ணாதே"ன்னு சொல்ற லிஸ்ட். எங்க வீட்டுல யாரும் அதைத் தொட்டதே இல்ல. ஆனா அதுல மொத்த சி டிரைவும் இருந்துச்சு. தம்பி கொடுத்த அந்த "யெஸ்"தான் அது. வாட்ச்மேன்கிட்டயே "இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருக்காங்க. அதை நீக்கிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணினதும் ரெண்டு ஃபைல் மாட்டுச்சு. அப்புறம் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் போட்டேன். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசா எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே தேடும். கால் மணி நேர வேலை. மைக்ரோசாஃப்ட்டோட ஆட்டோரன்ஸ்னு ஒரு இலவச டூல் இருக்கு. மெஷின் ஆன் ஆகும்போது தானா எழுந்திரிக்கற எல்லாத்தையும் காட்டும். அதுல மைக்ரோசாஃப்ட் ஐட்டங்களை மறைச்சிட்டுப் பார்த்தா, டாஸ்க் ஷெட்யூலர்ல அர்த்தமே இல்லாத பேர்ல ஒரு வேலை உட்கார்ந்திருந்துச்சு. எடுத்தாச்சு.

இதோட நிறுத்தியிருந்தா அம்மா பேஜ் திரும்ப வந்திருக்காது. ஏன்னா திருட்டுப் போனது இந்தப் பெட்டிக்குள்ள இல்ல, வெளிய போயிடுச்சு.

தீம் பார்க் போறீங்க. கவுண்டர்ல டிக்கெட் காட்டினா கையில ஒரு பேண்ட் கட்டுவாங்க. அப்புறம் ஒவ்வொரு ரைடுலயும் பேண்டைக் காட்டினாப் போதும், டிக்கெட் கேட்க மாட்டாங்க. பாஸ்வேர்டும் ஓடிபியும் டிக்கெட். பிரவுசர்ல இருக்கற செஷன் குக்கீதான் அந்த பேண்ட். இன்ஃபோஸ்டீலர் பேண்டையே கழட்டிட்டுப் போகுது. அதனால அவங்களுக்கு உங்க ஓடிபி தேவையே இல்ல. "டூ ஃபேக்டர் போட்டிருந்தோமே, எப்படி உள்ள வந்தான்?"னு அம்மா கேட்ட கேள்விக்கு பதில் இதுதான்.

என் முதல் தப்பும் இங்கதான். நான் இன்ஸ்டா பாஸ்வேர்டை மட்டும் மாத்தினேன். அம்மாவோட ஜிமெயில் அவங்க கையில இருந்துச்சு. பாஸ்வேர்ட் ரீசெட் மெயில் வாங்கி மறுபடி எடுத்துக்கிட்டாங்க. அந்த மெயில் எங்க கண்ணுலயே படல, ஏன்னா இன்ஸ்டாலேருந்து வர்ற மெயில் நேரா டிராஷுக்குப் போற மாதிரி ஜிமெயில்ல ஒரு ஃபில்டர் போட்டு வெச்சிருந்தாங்க. அதுக்கு மேல, அந்தப் புது பாஸ்வேர்டை மால்வேர் இருந்த மெஷின்லயே உட்கார்ந்து டைப் பண்ணியிருக்கேன். நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது, வலியோட.

வரிசைதான் முக்கியம். முதல்ல அந்த மெஷினோட நெட்டைப் பிடுங்குங்க. பாதிக்கப்படாத ஒரு போனை எடுத்துக்கோங்க. மெயில்லேருந்து ஆரம்பிங்க: பாஸ்வேர்ட் மாத்தி, டிவைஸ் லிஸ்ட்ல தெரியாததை எல்லாம் சைன்-அவுட் பண்ணி, ரெக்கவரி நம்பர் உங்களோடதுதானா, ஃபில்டரும் ஃபார்வேர்டிங்கும் சுத்தமான்னு பாருங்க. எல்லா டிவைஸ்லயும் சைன்-அவுட் பண்ணினாத்தான் பழைய பேண்ட் அறுபடும். அப்புறம் பேங்க், அப்புறம் சோஷியல் மீடியா. பிரவுசர்ல சேவ் பண்ணின அத்தனை பாஸ்வேர்டும் போயிடுச்சுன்னே வெச்சுக்கோங்க. அப்பாவோட நெட் பேங்கிங் அதுல இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி நாங்க யாரும் தூங்கல.

மெஷினை நான் கடைசியில மொத்தமா ஃபார்மேட் பண்ணினேன். மூணு ஐட்டம் மாட்டுச்சு, நாலாவது இல்லன்னு எனக்கு யார் சொல்றது? ஃப்ரெண்டோட லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவ்ல விண்டோஸ் ஏத்தி, டிஸ்க்ல இருந்த பார்ட்டிஷனை எல்லாம் அழிச்சுப் போட்டேன். அதுக்கு முன்னாடி போட்டோ, டாக்குமெண்ட், அம்மாவோட டிசைன் ஃபைல் மட்டும் காப்பி. இன்ஸ்டாலர், ஜிப் எதையும் எடுக்கல. லைசென்ஸ் போயிடுமேன்னு பயப்படாதீங்க. அதே மெஷின்ல ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்தா, நெட் கொடுத்ததும் பொதுவா தானா வந்துடும்.

பேஜுக்கு, இன்ஸ்டாகிராமோட "ஹேக்ட்" பக்கத்துல போய் மனு போட்டோம். அம்மா முகம் இருக்கற போட்டோ பேஜ்ல இருந்ததால வீடியோ செல்ஃபி கேட்டாங்க. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கிட்டுத்தான் எடுத்துக்கிட்டாங்க. ஒன்பது நாள் கழிச்சு பேஜ் வந்துச்சு.

ஆனா அந்த ஞாயித்துக்கிழமையே ஒரு கஸ்டமர் அந்த ஸ்டோரியை நம்பி 8,000 ரூபாய் அனுப்பியிருந்தாங்க. "நீங்க போட்டீங்கன்னுதானே அக்கா நம்பினேன்"னு அம்மாகிட்ட அழுதாங்க. உடனே 1930-க்கு போன் பண்ணச் சொன்னோம். சைபர் கிரைம் ஹெல்ப்லைன், எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறோமோ அவ்வளவு நல்லது, பணம் இன்னும் ஏதாவது அக்கவுண்ட்ல நின்னா நிறுத்தி வைக்க முயற்சி பண்ணுவாங்க. ஆனா அவங்க விஷயம் தெரிஞ்சு கூப்பிட்டதே மறுநாள் மதியம். பணம் இன்னும் வரல. அம்மா அவங்க பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு ப்ளவுஸ் கூலி வாங்காம தைச்சுக் கொடுத்துட்டாங்க. "என் பேர்ல நடந்ததுடி"ன்னு சொல்லிட்டாங்க, நான் அதுக்கு மேல பேசல.

இப்ப டெஸ்க்டாப்ல தம்பிக்கு ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட்தான். எதுக்கு "யெஸ்" கொடுக்கணும்னாலும் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். அது அம்மா கிட்ட இருக்கு, அளவு நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதி, பீரோவுக்குள்ள. நேத்து ஏதோ கேம் போடணும்னு தம்பி கேட்டிருக்கான். அம்மா என்னை போன்ல கூப்பிட்டு, ஸ்க்ரீன்ல இருக்கறதை எழுத்து எழுத்தா படிச்சுக் காட்டிட்டுத்தான் நோட்டைத் திறந்தாங்க.