இரண்டாம் பிரிவின் வாசல்



வெபர் மைதானத்தில் உதைபந்தாட்டம் கண்டு களிக்கும் மட்டக்களப்பு இளைஞர்கள் இங்கிலாந்தின் உச்சப் பிரிவுக் கழகங்களின் பெயர்களை மனப்பாடமாய்ச் சொல்லுவர். இரண்டாம் பிரிவைக் கேட்பாரில்லை. மெய்யான தவிப்போ அங்கேதான் என்பேன்.

1960-61ஆம் ஆண்டுப் பருவத்தை எடுத்துக்கொள்வோம். கழகங்கள் 22. ஒவ்வொன்றும் ஏனைய 21 கழகங்களைத் தன் மண்ணில் ஒரு முறையும் எதிரியின் மண்ணில் ஒரு முறையும் சந்திக்க, ஆட்டங்கள் 42. வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1. மேலேறும் இடங்கள் இரண்டே. நம் ஊரைப் போலவே நீர்க்கரையில், ஓர்வெல் கழிமுகத்தில் அமைந்த இப்ஸ்விச் நகரின் கழகம் 59 புள்ளிகளோடு முதலிடம் பெற்றது. ஷெபீல்ட் யுனைற்றட் 58 புள்ளிகளோடு உடன் ஏறிற்று. ரே குரோபோர்ட் என்பார் இப்ஸ்விச்சுக்காக அடித்த கோல்கள் 40! மூன்றாவதாக வந்த கழகம், வியப்பாயிருக்கும், லிவர்பூல். அது 52 புள்ளிகளோடு வாசலிலேயே நின்றுவிட்டது. இன்று 24 கழகங்கள், 46 ஆட்டங்கள், வெற்றிக்கு 3 புள்ளி. மேலேறும் மூன்றாம் இடத்துக்குத் தனிப்போட்டியும் உண்டு. அன்று அந்தச் சலுகை இல்லை.

மேலேறிய இப்ஸ்விச், மறு பருவத்திலேயே முதற்பிரிவின் பட்டத்தையும் வென்றது. அதன் முகாமையாளர் அல்ப் ராம்சே 1963இல் இங்கிலாந்து அணியின் முழுப் பொறுப்பை ஏற்கச் சென்றார். 1964இல் இப்ஸ்விச், பட்டியலின் கடைசியில் நின்று, மீண்டும் இரண்டாம் பிரிவுக்கே இறங்கியது.