நிணநீர்ப் புற்றுநோயும் நிறமூர்த்தச் சான்றும்: மலையக நோக்கில் ஒரு குறிப்பு

ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலே தொழிலாளி ஒருவரின் கழுத்திற் கட்டி தோன்றினால் முதலிற் காசநோயே ஐயுறப்படுகின்றது. அவ்வையம் நியாயமானதே. ஆயினும் அது நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருத்தல் கூடும். அவ்வாறு துணிந்த பின்னரும், எவ்வகைக் கலத்திலிருந்து அது பிறந்தது என்னும் வினா எஞ்சி நிற்கும். அதற்கு விடை தருவனவற்றுள் நிறமூர்த்தப் பிறழ்வுகள் முக்கியமானவை.

1958 இல் உகண்டாவிலே டெனிஸ் பேர்க்கிற் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், குழந்தைகளின் தாடையில் விரைந்து வளரும் கட்டியொன்றை விவரித்தார். இந்நோயில் 14ஆம் நிறமூர்த்தம் இயல்பினும் நீண்டிருப்பதை 1972 இல் மனோலொவ் தம்பதியர் கண்டனர். மேலதிகத் துண்டு 8ஆம் நிறமூர்த்தத்திலிருந்து வந்ததென்பது 1976 இல் தெளிவாயிற்று. ஏன் 14? பீ கலம் பிறபொருளெதிரியை ஆக்கும்பொருட்டுத் தன் பரம்பரையலகுகளைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்கின்றது. அவற்றுள் ஒரு தொகுதி 14இன் ஒரு நுனியில் உள்ளது. ஒட்டும்போது நேரும் பிழையால், கலப்பிரிவைத் தூண்டும் மிக் என்னும் அலகு 8இலிருந்து அங்கு வந்து சேர்ந்து ஓயாது இயங்குகின்றது. ரீ கலமோ 14இன் மறுமுனையை அண்டியும் 7இலும் வெட்டுகின்றது. ஆகவே முறிவு நேர்ந்த இடம், பல வேளைகளிற் கலத்தின் குலத்தைக் காட்டிவிடும்.

ஆனாற் பிறப்பிடம் என்னும் சொல்லை நாம் எச்சரிக்கையுடன் ஆளுதல் வேண்டும். பொலிக்குலர் எனப்படும் வகையில் 14உம் 18உம் துண்டு மாற்றிக்கொள்வது என்பு மச்சையிலுள்ள முதிராக் கலத்தில். அக்கலவழி புற்றாவதோ பிற்காலத்தில், நிணநீர்க்கணுவில்.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டறிவன்று. பேர்க்கிற் கட்டி ஏறத்தாழ ஒரே நாளில் இருமடங்காகக் கூடியது. எனினும் கடும் மருந்துச் சிகிச்சையாற் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்கது. பொலிக்குலர் வகைக்குச் சிலரில் உடனடிச் சிகிச்சையே வேண்டியதில்லை. நாட்சம்பளத்தில் வாழ்பவருக்குக் கண்டிக்கோ மகரகமைக்கோ போகும் ஒவ்வொரு நாளும் கூலியிழந்த நாளாகும்.

நிறமூர்த்தங்களை நேரே காணும் பழைய முறைக்கு உயிருள்ள கலம் வேண்டும். அதனை வளர்த்து, பிரிவுறும் தறுவாயில் நிறுத்திப் பார்ப்பர். போர்மலினில் இட்ட கலம் இறந்துவிடும். எனவே மலைப்பாதையிற் பல மணிநேரம் கடந்து செல்லவேண்டிய இழையத்திற்கு இம்முறை எட்டாக்கனியே. குறித்த இடங்களை ஒளிரும் டீஎன்ஏத் துண்டுகளாற் தேடும் பிற்கால முறையோ, போர்மலினிற் பதப்படுத்தி மெழுகிற் பதித்த இழையத்திலும் இயலும். மெழுகுக்கட்டி எவ்வளவு தூரமும் போகலாம். சோதனைக்கெனத் தொழிலாளி உடன் போகவேண்டியதில்லை. ஆனால் ஊசியால் உறிஞ்சிய சில கலங்களைவிட முழுக்கணுவையே வெட்டி அனுப்புதல் நலம். அதனைப் போர்மலினிற் பல நாள் கிடக்கவிட்டால் டீஎன்ஏ சிதைந்து, சோதனை பயனற்றுப் போகவுங்கூடும்.