சளிதானே என்று விட்டுடாதீங்க
காலையில் எழுந்ததும் மூக்கடைப்பு, குனிந்தால் நெற்றியில் கனம், சாம்பார் கொதித்தாலும் வாசனை தெரிவதில்லை. 12 வாரம் தாண்டியும் இப்படியே இருந்தால் அது சாதாரண சளி இல்லைங்க. நாள்பட்ட சைனஸ் பாதிப்பாக இருக்கலாம்.

பலரும் மெடிக்கலில் மூக்கடைப்புச் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். போட்டதும் மூச்சு நன்றாக வரும், உண்மைதான். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கிவிடும். அப்புறம் அது இல்லாமல் தூக்கமே வராது!

அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். அங்கே எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேறு வகை. பலன் தெரியச் சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தாதீங்க. உப்புநீரால் மூக்கைக் கழுவச் சொன்னால், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் மட்டும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் பெரும்பாலும் இவை தொடரும்.

கண் வீங்கினாலோ பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்ற சந்தேகங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.