தொழில் வாயிலில் ஒரு பரீட்சை

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில் கண்டி நகரிலும், அதனைச் சூழ்ந்த கலகா, தெல்தோட்டை, புசல்லாவை, கம்பளை, நாவலப்பிட்டி முதலிய இடங்களிலும் தமிழ்க் குடும்பங்களில் எழும் கேள்வி ஒன்றேதான். பிள்ளை சித்தியடைந்தானா, இல்லையா? இக்கேள்விக்கு விடை கிடைத்தவுடன் வீடு மகிழ்ச்சியில் ஆழ்கிறது, அல்லது துயரத்தில் ஆழ்கிறது. இதற்கடுத்த கேள்வியை, அதாவது இப்பிள்ளை நாளை ஒரு தொழிலின் வாயிலில் நிற்கும்பொழுது அங்கே வைக்கப்படும் சோதனையில் தேறுவானா என்பதை, நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

அவ்வாயிலிலும் பரீட்சைகள் உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களின் தெரிவுத் தேர்வு ஒன்று. வங்கிகளும் கம்பெனிகளும் நடத்தும் உளச்சார்புப் பரீட்சை மற்றொன்று. அரசாங்க முகாமைத்துவ உதவியாளர் சேவைக்கான போட்டிப் பரீட்சையிலும் மொழித்திறனோடு உளச்சார்பு சோதிக்கப்படுகிறது. பல்கலைக்கழகம் புக விரும்பும் உயர்தர மாணவனும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகள் பெற்றாக வேண்டும். பாடசாலையில் கணிதத்தில் நல்ல புள்ளி பெற்ற பிள்ளைகள் இவ்விடங்களில் தடுமாறுவதை நாம் கண்டதுண்டு. அவர்களுக்கு மதியில்லை என்பதன்று காரணம். இவ்வகை வினாவை அவர்கள் அதற்கு முன் கண்டதே இல்லை.

இக்குறை நேற்றுத் தோன்றியதன்று. கண்டிக்கு அண்மையில் உடுநுவரைப் பகுதியிலுள்ள ஹந்தெஸ்ஸை என்னும் கிராமத்தில், 1930களின் தொடக்கத்திலேயே ஒரு கல்வி முயற்சி நடைபெற்றது. ஊரின் வயலையும் தோட்டத்தையும் கைத்தொழிலையும் பாடத்தின் அடிப்படையாகக் கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 'ஹந்தெஸ்ஸைத் திட்டம்' என்று பெயர் பெற்ற இம்முறை பிற பாடசாலைகளுக்கும் பரவியது. ஆயினும் நிலைக்கவில்லை. ஆங்கிலம் கற்றவனுக்கே அலுவலக நாற்காலி கிடைத்த அந்நாளில், தம் பிள்ளைக்கு மட்டும் மண்வெட்டிக் கல்வியா என்று பெற்றோர் முகம் சுளித்தார்கள். அவர்கள் மேல் குற்றம் சுமத்த நமக்கு மனம் வரவில்லை. நாற்காலியில் அமர்ந்திருந்தவர்கள் தம் பிள்ளைகளை ஹந்தெஸ்ஸைக்கு அனுப்பவில்லை அல்லவா?

பின்னர் 1943-ல் வெளிவந்த கன்னங்கரா அறிக்கையும் செயன்முறைப் பாடசாலை என்றொரு வகையை வகுத்தது. அவ்வறிக்கை தந்த இலவசக் கல்வி வேரூன்றியது. செயன்முறைப் பாடசாலையோ ஏட்டோடு நின்றது. 1972-ல் தொழில் முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. ஆட்சி மாறியதும் அவை மறைந்தன. தோட்டப் பாடசாலைகளின் கதை இவற்றுக்கும் புறம்பானது. 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கும் வரையில் அவற்றுள் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஓராசிரியர் கொட்டகைகளாகவே இருந்தன. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013-ல் தொடங்கியது. சாதாரண தரத்தில் தவறியவர்களும் தொடர்ந்து கற்க வழிசெய்யும் பதின்மூன்று வருடக் கல்வித் திட்டம் 2017-ல் வந்தது. இம்முறையாவது திட்டம் நிலைக்கும் என்று நம்புவோம். ஆனால் திட்டத்தை நம்பி வீட்டார் கைகட்டி இருக்க வேண்டியதில்லை.

இப்பரீட்சைகள் எதனைத்தான் கேட்கின்றன? அமெரிக்காவில் 'வேர்க்கீஸ்' என்றொரு தேர்வு உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு நடத்தப்படுகிறது. அதிலே முக்கியமான பகுதிகள் மூன்று: தொழிலிடத்துக் கணக்கு, வரைபடமும் அட்டவணையும் வாசித்தல், தொழிலிடத்து அறிவித்தல்களையும் கடிதங்களையும் விளங்கிக்கொள்ளல். தேறியவர்க்கு வெண்கலம், வெள்ளி, பொன், பிளாட்டினம் எனப் படிப்படியாகச் சான்றிதழ் வழங்குகிறார்கள். நம் வாசகர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கணக்குப் பகுதியில் கணிப்பானைப் பயன்படுத்தலாம். சூத்திரங்கள் அச்சிட்ட தாளையும் கையிலே கொடுத்துவிடுகிறார்கள்! ஆகவே மனப்பாடம் அங்கே செல்லாக் காசு. எந்தச் சூத்திரம் எவ்விடத்தில் வேண்டும், எந்தத் தகவல் வேண்டாதது என்று தெரிந்தெடுக்கும் பழக்கத்தையே அத்தேர்வு அளக்கிறது.

நம் மலைநாட்டிலிருந்தே ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் காலையில் 1,250 கிலோ, நண்பகலில் 1,000 கிலோ, மாலையில் 450 கிலோ கொழுந்து வருகிறது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். தூளை 55 கிலோ கொள்ளும் பைகளில் அடைக்கிறார்கள். எத்தனை பைகள் எடுத்துவைக்க வேண்டும்?

மொத்தக் கொழுந்து 2,700 கிலோ. அதனை நாலரையால் வகுத்தால் தூள் 600 கிலோ. இதுவரையில் நம் மாணவர் தவறுவதில்லை. 600-ஐ 55-ஆல் வகுத்ததும் 10.9 என்று எழுதிப் பேனாவை மூடிவிடுவார்கள். 10.9 பையை உலகில் யார் கண்டார்? பத்துப் பைகள் நிறையும். மீதி 50 கிலோவுக்குப் பதினோராம் பை வேண்டும், அதில் ஐந்து கிலோ குறையும். வினா 'எத்தனை பைகள் வேண்டும்' என்றால் விடை 11. 'எத்தனை பைகள் நிறைந்து லொறியில் ஏறும்' என்றால் விடை 10. தொழிற் பரீட்சையில் வெற்றியும் தோல்வியும் இந்த இடத்திற்றான் பிரிகின்றன. கணக்கை முடித்தபின் வினாவை மீண்டும் ஒருமுறை வாசிப்பவன் தேறுகிறான்.

இதற்கான பயிற்சிப் புத்தகம் நம் வீட்டிலேயே கிடக்கிறது. தாயின் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறிக்கும் தாய்க்கு எத்தனை நாள் முழுப் பேர் விழுந்தது, எத்தனை நாள் அரைப் பேர், எந்த எந்தக் கழிவுகள் பிடிக்கப்பட்டன என்பதைப் பத்தாம் வகுப்பு மகன் வாசித்துச் சொல்லட்டும். ஊழியர் சேமலாப நிதிக்குச் சட்டப்படி தொழிலாளி குறைந்தது நூற்றுக்கு 8, தொழில் தருநர் குறைந்தது 12 செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் தருநர் மாத்திரம் 3 செலுத்துகிறார். சீட்டிலுள்ள தொகை இவற்றோடு ஒத்திருக்கிறதா என்று மகள் கணக்கிடட்டும். இதனால் வரும் பயன் பரீட்சையோடு நிற்பதுமில்லை. அம்மாவின் சீட்டிலே ஒரு பிழை இருந்து, அதனைப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டால், அந்தக் குடும்பத்தில் படிப்புக்குள்ள மதிப்பே வேறாகிவிடும்!

அவ்வாறே மின்சாரப் பட்டியல். அலகுகள் கூடக்கூட விலைப்படியும் மாறுவதால், 'இருபது அலகு குறைத்தால் எவ்வளவு மிச்சம்' என்னும் கேள்வி எளிதானதன்று. கண்டிப் புகையிரத நிலையத்து நேர அட்டவணை, மருந்துப் போத்தலின் மேலுள்ள குறிப்பு, உரமூட்டையில் அச்சிட்ட அளவு ஆகியவையும் நல்ல பாடங்களே. வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு அரைமணி நேரம் போதும். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு செய்வது நன்று. உளச்சார்புப் பரீட்சையில் அறிவுக்கு முன்னே நேரம் தீர்ந்துவிடுவதே பலருக்கு நேரும் இடையூறு. ஒரு வினாவில் மனம் சிக்கினால் அதைத் தாண்டிச் சென்று, பின்பு திரும்பி வரும் பழக்கத்தையும் வீட்டிலேயே கற்கலாம்.

நகரத்து டியூட்டரி வாயில்களில் 'எதிர்பார்க்கும் வினாக்கள்' என்று விளம்பரம் தொங்குகிறது. இவ்வகைப் பரீட்சைக்கு அவ்வினாத்தாளை விலைகொடுத்து வாங்குவது வீண் செலவென்றே நாம் கருதுகிறோம்.

இனி, கையால் செய்து காட்டும் சோதனையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் நாட்டின் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் ஏழு படிகள் உடையது. முதற்படி தொழிலுக்குள் நுழைபவர்க்கு. இரண்டு முதல் நான்கு வரை சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்குச் சமம். கண்டித் தொழினுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் பயின்று ஒரு பிள்ளை இப்படிகளில் ஏறலாம். இங்கே புள்ளி கிடையாது. மதிப்பீட்டாளர் எதிரே நின்று பார்க்கிறார். தகைமை பெற்றவர், இன்னும் பெறாதவர் என்னும் இரண்டே முடிவுகள். ஆகவே நூற்றுக்கு நாற்பது எடுத்துத் தப்பிவிடலாம் என்னும் எண்ணம் இங்கே செல்லாது. வேலைக்குமுன் மின்னிணைப்பைத் துண்டித்தாயா, அளந்தபின் வெட்டினாயா, வேலை முடிந்ததும் கருவியை எடுத்த இடத்தில் வைத்தாயா என்பவையும் மதிப்பீட்டிலே சேரும். இவை புத்தகத்தில் உண்டு. ஆனால் புத்தகத்தால் வருவன அல்ல. வீட்டுக் கதவின் கீலைப் பிள்ளை தானே மாற்றட்டும். கீல் கோணினாலும் பாதகமில்லை.

மொழியும் ஒரு தடைதான். தமிழ் மூலம் நடைபெறும் தொழிற்பயிற்சி நெறிகள் குறைவு. அறிவுரைகளைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்டு நடக்கவேண்டிய நிலை பலருக்கு நேரும். இது நீதியன்று, பயிற்சி நிலையங்களில் தமிழ் அறிந்த போதனாசிரியர் வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை பிள்ளை காத்திருக்க முடியாது. ஒரு கொப்பியில் மூன்று நிரல் கீறி, தான் பயில விரும்பும் தொழிலின் கருவிப் பெயர்களையும், 'இறுக்கு', 'தளர்த்து', 'அள', 'நிறுத்து' போன்ற ஏவல்களையும் மும்மொழியிலும் எழுதிவைத்தால், நூறு சொற்களுக்குள் ஒரு தொழிற்பட்டறையின் பேச்சுப் பெரும்பாலும் அடங்கிவிடும். கண்டியைப் போல மூன்று மொழியும் தெருவிலேயே கேட்கும் ஊரில் வாழும் மாணவனுக்கு இது பெரிய பாரமன்று.

பள்ளியை விட்டுக் கொழும்புக் கடைகளுக்குச் சென்றுவிட்ட அண்ணன்மாரையும் மறந்துவிடலாகாது. வேலை செய்தே தொழில் கற்றவர்கள், மீண்டும் முழுநெறி பயிலாமலே, தம் அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் வழி தேசிய தொழிற்றகைமை முறையில் உண்டு. பத்து ஆண்டு மேசன் வேலை செய்தவர் அல்லது ஹோட்டல் சமையலறையில் நின்றவர் இதனைப் பயன்படுத்தலாம். வேலை செய்த இடங்களின் கடிதங்களையும், செய்த வேலையின் புகைப்படங்களையும் இன்றிலிருந்தே சேர்த்துவைப்பது நல்லது.

கடைசியாக ஒரு சிறு காரியம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் வேறொரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது எழுத்துக்கூட்டல் என்றிருப்பது நம் தோட்டங்களில் இன்றும் உண்டு. நேர்முகத் தேர்வு நாளன்று இது தெரியவந்தால், படித்த படிப்பு அத்தனையும் மேசைக்கு இப்பால் நின்றுவிடும். மகனோ மகளோ ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்பொழுதே அந்தச் சான்றிதழ்களை எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். திருத்தம் வேண்டுமாயின் பிரதேச செயலகத்துக்குச் செல்ல அப்பொழுது அவகாசம் இருக்கும்.