சீப்பு சொல்லும் சேதி: எல்லை மலைகளின் மண அடையாளமும் தில்லியின் சட்டங்களும்

புது தில்லி: மணமாகாதவர் யார், துணை தேடுபவர் யார் என்பதை விரலில் அணியும் மோதிரம் ஒன்றின் மூலமே பிறருக்கு உணர்த்தலாம் என்ற எண்ணம் மேலைநாடுகளில் புதுமையாகப் பேசப்படுகிறது. பேரிக்காயின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய பச்சை நிற மோதிரம் ஒன்று 2023-ஆம் ஆண்டில் இந்த நோக்கத்துடன் விற்பனைக்கு வந்து உலகப் பத்திரிகைகளின் கவனத்தை ஈர்த்தது. ஆனால், தமிழக - கேரள எல்லையில் உள்ள ஆனைமலைத் தொடரின் பழங்குடி மக்கள் இதே செய்தியைத் தலைப்பாகை, கொண்டை, மூங்கில் சீப்பு ஆகியவற்றின் மூலம் பல தலைமுறைகளாகச் சொல்லி வந்துள்ளனர்.

ஊருக்குப் புரிந்த இந்த அடையாளங்கள் அரசுக்குப் புரியுமா என்பதே இப்போதைய கேள்வி. பொது சிவில் சட்டம், திருமணப் பதிவு, வன உரிமை, பழங்குடிப் பட்டியல் என தில்லியில் நடைபெறும் விவாதங்கள் பலவும் இந்தச் சிறிய சீப்பைத் தொட்டே செல்கின்றன.

தலைப்பாகையும் கொண்டையும்: ஆனைமலைத் தொடரின் ஒரு பக்கம் பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளம், நெல்லியாம்பதி வனப் பகுதிகள் உள்ளன. மறுபக்கம் இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, இடமலைக்குடி மலைகள். இவற்றுக்கு இடையே தமிழகத்தின் டாப்சிலிப்பும் வால்பாறையும் அமைந்துள்ளன. காடர், முதுவர், மலசர், மலைமலசர் ஆகிய பழங்குடியினர் இப்பகுதியில் வாழ்கின்றனர்.

இவர்களில் முதுவர்கள் தமிழின் கிளைமொழி ஒன்றைப் பேசுபவர்கள். தங்கள் முன்னோர் மதுரையில் இருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களது மரபுச் செய்தி. முதுவர் குடிகளில் பருவம் எய்திய ஆண் பிள்ளைக்கு 'உருமால் கட்டு' எனப்படும் தலைப்பாகைச் சடங்கும், பெண்ணுக்குக் 'கொண்டை கட்டு' சடங்கும் நடத்தப்படுவதை மானுடவியல் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். உருமால் கட்டியவன் அதன்பின் சிறுவன் அல்ல, அவன் 'இளந்தாரி'. பெற்றோர் வீட்டில் உறங்காமல், மணமாகாத இளைஞர்களுக்கென உள்ள சாவடியில் தங்குவான். மணமாகாத பெண்களுக்கும் மூத்த பெண்களின் மேற்பார்வையில் தனி வீடு உண்டு.

தலைப்பாகையைப் பார்த்தவுடன் அவன் மண வயதை எட்டியவன் என்பதும், சாவடியில் தங்குவதைக் கொண்டு அவனுக்கு இன்னும் மணமாகவில்லை என்பதும் அடுத்த குடியில் இருந்து வருபவருக்குத் தெரிந்துவிடும். ஆயினும் இந்த அடையாளம் யாரும் யாரையும் அணுகலாம் என்ற பொது அழைப்பு அல்ல. முதுவர் சமூகம் பல கூட்டங்களாகப் பிரிந்துள்ளது. பிள்ளைகள் தாயின் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஒரே கூட்டத்துக்குள் மண உறவு கூடாது. அடையாளத்தைக் கண்டவர் அடுத்துக் கேட்பது எந்தக் கூட்டம் என்பதையே.

மணமகன் செதுக்கும் சீப்பு: காடர், முதுவர் ஆகிய இரு சமூகங்களிலும் மூங்கில் சீப்புக்குத் தனி இடம் உண்டு. மணமகன் தன் கையால் மூங்கிலைச் சீவி, கோடுகளும் கட்டங்களும் செதுக்கிச் செய்யும் சீப்பை மணப்பெண்ணுக்கு அளிப்பான். அதை அவள் பின்தலைக் கொண்டையில் செருகிக்கொள்வாள். சமவெளியில் தாலி எதை உணர்த்துகிறதோ அதையே மலையில் சீப்பு உணர்த்தியது. சீப்பு இல்லாத கொண்டையோ, முறைப்படி பெண் கேட்டு வரலாம் என்ற செய்தியைத் தானாகவே சொல்லிவிடும்.

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுப்பில் இந்தச் சீப்புகள் இடம்பெற்றுள்ளன. காடர் சீப்புகளின் வேலைப்பாடு மலாய் தீபகற்பத்தின் செமாங் பழங்குடியினரின் சீப்புகளை ஒத்திருப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் கொச்சி சமஸ்தானப் பழங்குடியினர் குறித்த தமது நூலில் காடர்களைப் பற்றி எழுதினார். பின்னர், ஆஸ்திரிய மானுடவியலாளர் எரன்ஃபெல்ஸ் எழுதிய 'கொச்சியின் காடர்கள்' என்ற ஆங்கில நூலை சென்னைப் பல்கலைக்கழகம் 1952-இல் வெளியிட்டது.

மண நிலையை உடலில் காட்டும் வழக்கம் உலகின் பிற சமூகங்களிலும் உண்டு. அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடியினரில் மணமாகாத பெண்கள் காதுகளின் மேல் இரு பெரிய சுருள்களாகக் கூந்தலை அமைப்பர். ஜெர்மனி, ஆஸ்திரியா பகுதிகளின் மரபு உடையில் முன்றானையின் முடிச்சு இடப்பக்கம் இருந்தால் மணமாகாதவள், வலப்பக்கம் இருந்தால் மணமானவள் என்று பொருள். ஜப்பானில் நீண்ட கைகள் தொங்கும் கிமோனோ மணமாகாத பெண்ணுக்குரியது. இந்த வரிசையில் ஆனைமலைச் சீப்பின் தனித்தன்மை, அது கடையில் வாங்கப்படும் பொருள் அல்ல என்பதே. மணமகனின் கைத்திறனும் காட்டறிவும் அதில் அடங்கியுள்ளன.

மூங்கில் யாருக்குச் சொந்தம்?: சீப்பு செய்ய மூங்கில் வேண்டும். மூங்கில் காட்டில் உள்ளது. காடோ அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது. 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம், புல் இனத்தைச் சேர்ந்த மூங்கிலை 'மரம்' என்றே வரையறுத்தது. தமிழகத்தில் 1882-ஆம் ஆண்டு சட்டமும், கேரளத்தில் 1961-ஆம் ஆண்டு சட்டமும் தனித்தனியே நடைமுறையில் இருந்தாலும், காட்டில் விளைவது அனைத்தும் வனத் துறையின் உடைமை என்ற பார்வையில் வேறுபாடு இல்லை. தன் வருங்கால மனைவிக்காக ஒரு கணு மூங்கிலை வெட்டும் இளைஞன், சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாகக் கருதப்படக்கூடிய நிலை நீடித்தது.

கிஷோர் சந்திர தேவ் தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் ஆய்வுக்குப் பின்னர், 2006 டிசம்பரில் வன உரிமைச் சட்டம் நிறைவேறியபோதுதான் இதில் மாற்றம் ஏற்பட்டது. அச்சட்டத்தின் 2-ஆவது பிரிவு மூங்கிலைச் சிறு வனப் பொருள்களில் ஒன்றாகச் சேர்த்தது. அவற்றைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் வனவாசிகளுக்கு உடைமை உரிமை உண்டு என 3-ஆவது பிரிவு அறிவித்தது. 1927-ஆம் ஆண்டு சட்டத்தின் 'மரம்' என்ற வரையறையில் இருந்து மூங்கிலை நீக்கும் திருத்தம் 2017 நவம்பரில் அவசரச் சட்டமாகக் கொண்டுவரப்பட்டு, பின்னர் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. எனினும் அந்தத் திருத்தம் வனத்துக்கு வெளியே தனியார் நிலங்களில் மூங்கில் வளர்ப்போருக்கே பயன்படும் என எதிர்க்கட்சிகள் அப்போது விமர்சித்தன.

எனவே, காட்டுக்குள் வாழ்பவர்களுக்கு வன உரிமைச் சட்டமே இன்றும் அடிப்படை. பரம்பிக்குளம் 1973-இல் சரணாலயமாகவும், பின்னர் புலிகள் காப்பகமாகவும் ஆன பகுதி என்பதால், அங்கு உரிமைக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையிலான இழுபறி அன்றாடப் பிரச்னையாகும்.

மலை ஒன்று, பட்டியல் இரண்டு: பரம்பிக்குளம் நிர்வாகத்தில் கேரளத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கு செல்லும் வழக்கமான சாலை, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழகத்துக்குள் செல்கிறது. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் அணைகள் கட்டப்பட்டபோது காடர்களின் வாழிடங்களும் நீரில் மூழ்கின. அணையின் நீரை இரு மாநிலங்களும் பகிர்ந்துகொள்வதற்கு ஒப்பந்தம் உண்டு. ஆனால் மலையின் மக்களை இரு மாநிலங்களும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

மத்திய அரசு நாட்டில் 75 சமூகங்களைக் 'குறிப்பாக நலிவுற்ற பழங்குடிக் குழுக்கள்' என அங்கீகரித்துள்ளது. தேபர் ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து, 5-ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் 52 சமூகங்களுடன் தொடங்கிய இந்தப் பட்டியலில் 1993-இல் மேலும் 23 சேர்க்கப்பட்டன. இதில் கேரளத்தின் 5 சமூகங்களில் காடர்களும் உள்ளனர். தமிழகத்தின் 6 சமூகங்களில் காடர்கள் இல்லை. இதற்கு நேர்மாறாக, தமிழகப் பட்டியலில் உள்ள இருளர்கள் கேரளப் பட்டியலில் இல்லை. பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில் வாழும் இருளருக்கும், ஆனைகட்டியைத் தாண்டி கோவை மாவட்டத்தில் வாழும் அவர்களது உறவினருக்கும் இடையே அரசின் கணக்கில் இந்த வேறுபாடு நிலவுகிறது. முதுவர்கள் இரு மாநிலங்களிலும் பழங்குடிப் பட்டியலில் இருந்தாலும், இந்தச் சிறப்புப் பட்டியலில் எங்கும் இடம்பெறவில்லை.

இது வெறும் ஏட்டுச் சிக்கல் அல்ல. 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட 'பிரதமரின் ஜன்மன்' திட்டத்துக்கு 3 ஆண்டுகளுக்கு ரூ. 24,104 கோடி மதிப்பிடப்பட்டது. வீடு, சாலை, குடிநீர், மின்சாரம் ஆகியவற்றை வழங்கும் இத்திட்டம் அந்த 75 சமூகங்களுக்கே உரியது. எல்லையின் இருபுறமும் ஒரே வகைச் சீப்பை அணிந்த காடர் பெண்களில், ஒருவர் இத்திட்டத்தின் பயனாளி, மற்றொருவர் அல்லர்.

சான்றிதழும் வழக்கமும்: மண உறவிலும் இதே நிலைதான். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 2(2) பிரிவின்படி, மத்திய அரசு தனியே அறிவிக்கை வெளியிட்டாலன்றி அச்சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அவர்களது மணம் அவர்களது வழக்கப்படியே செல்லுபடியாகும். ஆனால், வழக்கத்தைச் சட்ட வலிமையுடன் எடுத்துக்காட்டுபவர் அதை நீதிமன்றத்தில் குறிப்பிட்டு நிரூபிக்க வேண்டும் என்று, ஒராவோன் பழங்குடிப் பெண் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-இல் தெளிவுபடுத்தியது. முதல் மனைவியான அவர், இருதார மணம் செல்லாது என்ற வழக்கத்தை நிரூபிக்கவில்லை என்பதால் அவரது முறையீடு ஏற்கப்படவில்லை.

கைவிடப்பட்ட பெண்ணோ, விபத்தில் கணவனை இழந்த பெண்ணோ உரிமை கோரி வரும்போது அவரது கொண்டையில் உள்ள சீப்பை அலுவலகங்கள் சான்றாக ஏற்பதில்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள். ஊர் சாட்சி சொல்ல வேண்டும். அந்தச் சாட்சியை அதிகாரி எழுத்தில் ஏற்க வேண்டும்.

அடையாளங்களைச் சட்டம் ஏற்க முடியாது என்பதும் இல்லை. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் கொண்டுவரப்பட்ட தமிழகத் திருத்தத்தால், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் ஆகியவற்றில் ஒன்றே போதும். புரோகிதர் தேவையில்லை என்று அது சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட வடிவம் அளித்தது. மாலைக்கும் மோதிரத்துக்கும் கிடைத்த அந்த எழுத்து வடிவ ஏற்பு, மூங்கில் சீப்புக்கு இதுவரை கிடைக்கவில்லை.

மறுபுறம், 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணம் புரிய விரும்புவோரின் அறிவிப்பு 30 நாள்கள் அலுவலகப் பலகையில் ஒட்டப்படுகிறது. தன் நிலையைத் தானே உணர்த்தும் உரிமை அங்கு அணிபவரிடம் இல்லை. அரசே அதை ஊரறியச் செய்கிறது. சாதி மறுப்பு மணம் புரிவோருக்கு இது ஆபத்தாக முடிகிறது என்ற புகார் நெடுநாளாக உள்ளது.

விதிவிலக்கு மட்டும் போதுமா?: நாடு தழுவிய பொது சிவில் சட்டம் குறித்து 22-ஆவது சட்ட ஆணையம் 2023 ஜூனில் கருத்துக் கேட்டபோது, பழங்குடியினரை அதன் வரம்பில் இருந்து விலக்க வேண்டும் என்ற குரல் ஆளும் கட்சிக்குள்ளேயே எழுந்தது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உத்தரகண்ட் மாநிலப் பொது சிவில் சட்டம், மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வதையும் பதிவு செய்யக் கட்டாயப்படுத்தியது. ஆனால் பழங்குடியினருக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.

விலக்கு என்பது பாதுகாப்பா, புறக்கணிப்பா என்பதில்தான் கருத்து வேறுபாடு உள்ளது. வாரிசுரிமையில் பழங்குடிப் பெண்களுக்குச் சம பங்கு கிடைக்கச் சட்டத் திருத்தம் குறித்து ஆராயுமாறு 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. வழக்கத்தை மதிப்பதும், வழக்கத்தின் பெயரால் பெண்ணின் உரிமை மறுக்கப்படாமல் காப்பதும் ஒருங்கே நிகழ வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பு உணர்த்தும் கருத்தாகும்.

கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக 2010-இல் உருவான இடமலைக்குடி இதற்கு ஒரு வழியைக் காட்டக்கூடும். முதுவர் குடிகளே ஊராட்சியாக அமைந்துள்ள அங்கு, தங்கள் மண வழக்கங்களைத் தாங்களே எழுத்தில் பதிவு செய்து சான்றளிக்கும் அதிகாரம் ஊர்க் கூட்டத்துக்கு அளிக்கப்பட்டால், வழக்கத்தை நிரூபிக்கும் சுமை தனி ஒரு பெண்ணின் தலையில் விழாது. காடர்களைப் பொருத்தவரை, தமிழகம் பரிந்துரைத்து மத்திய அரசு ஏற்றால் பட்டியல் முரண்பாடு நீங்கும். அட்டப்பாடி இருளர் விஷயத்தில் கேரளம் அதே கடமையைச் செய்ய வேண்டியுள்ளது.

பிளாஸ்டிக் சீப்பும் தாலியும் மலையேறிவிட்டன. மூங்கில் சீப்பு செதுக்கத் தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன. பழைய அடையாளம் மறைவதற்கு முன், அதை அணிந்தவர்களின் உரிமை எழுத்தில் ஏறுமா என்ற கேள்விக்கு தில்லியும், சென்னையும், திருவனந்தபுரமும் பதில் சொல்ல வேண்டும்.