முழங்கால் சொல்லும் பொய்

திருபுவனையிலே பன்னிரண்டு வயதுப் பையன் முழங்கால் வலியென்று நொண்டினால், பாட்டி முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பாள். குற்றவாளியோ இடுப்பில் ஒளிந்திருக்கலாம்! வளரும் பருவத்தில் தொடையெலும்பின் தலைக்கும் கழுத்துக்கும் நடுவேயுள்ள வளர்ச்சித் தட்டு சில பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பருத்த சரீரமுள்ளவர்களுக்கு, நழுவிவிடுகிறது. ஒரே நரம்பு இரு மூட்டுகளுக்கும் கிளை விடுவதால் முழங்கால் பழி சுமக்கிறது.

ஊன்றி நடக்க முடிந்தால், நழுவிய நிலையிலேயே ஒரு திருகாணியைச் செலுத்தி நிறுத்துவதே வழக்கம். ஊன்றவே முடியாவிட்டால் சங்கதி வேறு. ரத்தக் குழாய் சிதைந்து எலும்புத் தலையே மடியக்கூடும். பெர்ன் நகரத்து நிபுணர் கான்ஸ் 2001-ல் வெளியிட்ட முறையைத் தழுவி, மூட்டைத் திறந்து, குழாய்களைக் காத்துத் தலையைப் பழைய இடத்தில் அமர்த்துவதும் உண்டு. கைதேர்ந்தவர்களுக்கே உரிய காரியம் அது. அவர்களிடத்திலும் அபாயம் அறவே நீங்குவதில்லை.

ஆகையால், பையனை மேலும் நடக்கவிடாமல் வண்டியில் ஏற்றிப் புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோங்கள். இடுப்பையும் எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும்.