நாய்க்கும் பூனைக்கும் நடுவயது

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரை சேரும் நேரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மீன் வாங்க வருபவர்களுக்கு முன்பே பூனைகளும் நாய்களும் அங்கே வந்து காத்திருக்கும். திரேஸ்புரத்தில் நாட்டுப்படகுகள் ஒதுங்கும் கரையிலும் இதே காட்சிதான். இவற்றின் உறவுக்காரர்கள் பலர் நம் வீடுகளில் செல்லமாக வளர்கிறார்கள்.

குட்டியாக இருக்கும்போது அவற்றை எல்லாரும் கொஞ்சுகிறோம். தடுப்பூசி போட்டு வருகிறோம். கிழமாகிப் படுத்துவிட்டால் பரிதாபப்படுகிறோம். இடைப்பட்ட காலத்தில்? 'அது பாட்டுக்கு இருக்கிறது' என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டிய பருவம் அந்த நடுவயதுதான். ஏன் என்று பார்ப்போம்.

ஏழால் பெருக்கலாமா?

நாயின் ஓர் ஆண்டு மனிதனின் ஏழு ஆண்டுகளுக்குச் சமம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தக் கணக்கு சரியன்று. ஒரு வயது நாய் குட்டி போடும் பருவத்தை அடைந்துவிடுகிறது. ஏழு வயதுச் சிறுவனை அதற்கு ஒப்பிட முடியுமா?

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக (சான் டியேகோ) அறிஞர்கள் 2020இல் வேறொரு கணக்கை வெளியிட்டார்கள். வயது ஏற ஏற உயிரணுக்களின் டி.என்.ஏ.வில் ஒட்டியிருக்கும் மெத்தில் தொகுதிகள் மாறிக்கொண்டே வருகின்றன. லாப்ரடார் இன நாய்கள் 104இல் இந்த மாற்றத்தை அளந்து, மனிதனோடு ஒப்பிட்டார்கள். கிடைத்த சூத்திரம் இது: நாயின் வயதுக்கு இயல் மடக்கை கண்டு, அதை 16ஆல் பெருக்கி, 31ஐக் கூட்ட வேண்டும்.

மடக்கை அட்டவணையை எடுத்து நீங்களே கணக்கிடுங்கள். (அட்டவணையில் உள்ள எண்ணை 2.303ஆல் பெருக்கினால் இயல் மடக்கை கிடைக்கும்.) நான்கு வயது நாய்க்கு மனித வயது சுமார் 53, எட்டு வயதில் 64, பன்னிரண்டு வயதில் 71. அதாவது, நாயின் உடல் தொடக்கத்தில் வேகமாக முதிர்ந்து, பிறகு மெதுவாகிறது. இந்த எண்கள் லாப்ரடாருக்கு உரியவை. மற்ற இனங்களுக்கு அப்படியே பொருந்தா, பூனைக்கும் பொருந்தா. ஆனால் பாடம் ஒன்றுதான்: நாம் நினைப்பதற்கு முன்பே நடுவயது வந்துவிடுகிறது. பெரிய நாய்களுக்கு ஐந்து, ஆறு வயதிலும், சிறிய நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஏழு வயதிலும் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

குறைத்து உண்டவை கூடுதலாக வாழ்ந்தன

நடுவயதில் ஓட்டம் குறைகிறது. தட்டில் வைக்கும் சோறு மட்டும் குறைவதில்லை. மிச்சம் கொழுப்பாகிறது. நான்கு கிலோ பூனை ஒரு கிலோ கூடினால், அறுபது கிலோ மனிதர் பதினைந்து கிலோ கூடியதற்குச் சமம்!

அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு, மற்றது உண்டதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு தந்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. வாழ்நாளின் இடைநிலை அளவு நிறைய உண்டவற்றில் 11.2 ஆண்டுகள், குறைத்து உண்டவற்றில் 13 ஆண்டுகள். மூட்டு நோய்க்கு மருந்து தேவைப்பட்ட வயதும் தள்ளிப்போயிற்று.

அதற்காகப் பட்டினி போட்டுவிடாதீர்கள். நாயின் விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல். நம் கரிசல் காட்டுச் சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு விலா இலேசாக வெளியே தெரிவது இயல்பு. அவை ஓடப் பிறந்தவை.

மீன் மட்டும் போதுமா?

கடற்கரைப் பூனைக்கு மீன் கிடைப்பதில் குறைவில்லை. ஆனால் பச்சை மீனையே நாளும் கொடுப்பது நல்லதன்று. நெத்திலி, கெண்டை இனங்களைச் சேர்ந்த சில மீன்களில் தயாமினேஸ் என்னும் நொதி உண்டு. அது வைட்டமின் பி1ஐச் சிதைத்துவிடும். 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், பச்சை மீன் தின்ற பண்ணை நரிகள் கால் விளங்காமல் விழுந்தபோதுதான் இந்த உண்மை வெளிப்பட்டது. மீனை வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும். முள் நீக்கிக் கொடுங்கள். வேறு இறைச்சியும் கலந்து கொடுங்கள்.

தயிர்சாதம் மட்டும் போடும் வீடுகளுக்கும் ஒரு செய்தி. டாரின் என்னும் பொருளைப் பூனையின் உடல் போதிய அளவு உருவாக்கிக்கொள்ளாது. மீனிலும் இறைச்சியிலும் இருந்துதான் அது கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பூனையின் இதயம் விரிந்து பலவீனமாகிறது என்று 1987இல் கண்டறிந்தார்கள். பார்வையும் கெடும்.

தாகம் சொல்லும் செய்தி

வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப் பூனை. அதனால் பூனை குறைவாகவே தண்ணீர் குடிக்கும். அதன் சிறுநீரகம் சிறுநீரை நன்கு செறிவாக்கும். வயதான பூனைகளை அதிகம் வாட்டுவதும் சிறுநீரக நோய்தான். சிறுநீரகத்திலுள்ள நெஃப்ரான்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செயலிழந்த பிறகே வெளியில் அறிகுறி தெரியும். சிப்பிக்குள் முத்து வளர்வதைப் போல, நோயும் சத்தமில்லாமல் வளர்கிறது!

முதல் அறிகுறி என்ன? பூனை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். அதிகமாகச் சிறுநீர் கழிக்கும். 'நன்றாகத் தண்ணீர் குடிக்கிறதே' என்று மகிழ்ந்துவிடக் கூடாது. நம் உப்பளங்களில் உப்புநீரின் அடர்த்தியை 'டிகிரி' கணக்கில் அளப்பார்கள் அல்லவா? அதுபோல மருத்துவர் சிறுநீரின் ஒப்படர்த்தியை அளந்து பார்ப்பார். நலமான பூனைக்கு அது பெரும்பாலும் 1.035க்கு மேல் இருக்கும். தொடர்ந்து அதற்குக் கீழே இருந்தால், காரணத்தைத் தேட வேண்டும். உப்பு மிகுந்த கருவாட்டைச் செல்லப் பிராணிகளுக்குப் போடாதிருப்பதே நல்லது.

பல், உண்ணி, ஊசி

வாய் நாற்றம் வயதின் அடையாளம் அன்று. ஈறு நோயின் அடையாளம். பல்வலியுள்ள நாய் முனகாது. ஒரு பக்கமாக மெல்லும், கடினமான உணவை ஒதுக்கும். உண்ணிகள் நம் வெப்பமான ஊர்களில் ஆண்டு முழுதும் பெருகும். இவை பரப்பும் எர்லிச்சியா, பபீசியா கிருமிகள் இரத்தத்தைத் தாக்குகின்றன. காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் வாரந்தோறும் பாருங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டியில் போட்டதோடு நிறுத்திவிடுவது பெரிய ஆபத்து. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் போட வேண்டும். இது நாயை மட்டுமன்று, வீட்டிலுள்ள உங்களையும் காக்கும். வெறிநோய் முற்றிவிட்டால் மருந்தில்லை.

இன்னொன்று: நமக்குத் தரும் மாத்திரையை அவற்றுக்குத் தராதீர்கள். ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரைகூடப் பூனையின் உயிரைக் குடித்துவிடலாம். அதை நஞ்சற்றதாக மாற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. வெங்காயமும் நாய், பூனைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

கடற்காற்றும் மூச்சிரைப்பும்

நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, ஈரத்தை ஆவியாக்கியே உடலைக் குளிர்விக்கிறது. கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. ஆகவே ஆவியாதல் மந்தம். நடுவயதில் எடை கூடிய நாயும், மூக்குச் சப்பையான பக் போன்ற இனமும் வெயிலில் சுருண்டு விழ இதுவே காரணம். விடிகாலையில் நடத்திச் செல்லுங்கள். நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. பூனையைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் நில்லுங்கள். பிறகு தனியாக நில்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே பூனையின் எடை. மாதம் ஒருமுறை அளந்து வரைபடத்தாளில் குறியுங்கள். காரணமின்றிப் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் கூடினாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

2. நாயோ பூனையோ அயர்ந்து தூங்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். மார்பு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. 30க்கு மேல் தொடர்ந்து இருந்தால் இதயத்தையோ நுரையீரலையோ சோதிக்க வேண்டும்.

3. அளந்து தண்ணீர் வையுங்கள். மறுநாள் மிச்சத்தை அளந்து எழுதுங்கள்.

4. மதிலில் தாவும் பூனை தாவ மறுத்தால், அந்தத் தேதியைக் குறியுங்கள். 'வயதாகிவிட்டது' என்று விடாதீர்கள். அது மூட்டு வலியாக இருக்கலாம். வலிக்கு மருத்துவம் உண்டு.

இந்தக் குறிப்பேட்டோடு ஆண்டுக்கு ஒருமுறையாவது அரசு கால்நடை மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தென் மாவட்டங்களுக்கென்று திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. வாயில்லாப் பிராணியின் பொருட்டு மருத்துவரிடம் பேச வேண்டியவர் நீங்கள்தான். 'எப்போதிலிருந்து?' என்று அவர் கேட்கும்போது, தேதியும் அளவும் உங்கள் கையில் இருக்கட்டும்.